ஹேமா அக்காவின் வரிசை

என் மகளுக்கு,

நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்புகிற நாளில் எனக்கு உன்மேல் பொறாமை வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற அம்மாக்கள் சொல்லமாட்டார்கள். நன்றாகப் படி, நேரத்துக்குச் சாப்பிடு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் உள்ளே ஒன்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். அதை எனக்கு நன்றாகத் தெரியும். இப்போதும் அது என்னோடுதான் இருக்கிறது. எனக்கு வயது பதினாறு. நீ இன்னும் பிறக்கவே இல்லை.

தமிழ் டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம்தான் இது. உங்களுக்குப் பிள்ளை பிறந்து, வளர்ந்து, படிக்க வெளியூர் போவதாக நினைத்துக்கொண்டு ஒரு கடிதம் எழுதி வாருங்கள் என்றார். நோட்டில் ஒன்று எழுதிவிட்டேன். அதில் மரம் நடு, தண்ணீரைச் சேமி, பெரியவர்களை மதி என்று எல்லாம் இருக்கிறது. டீச்சர் 'நன்று' போடுவார். மரம் நடு என்ற வரியை என்னால் திரும்பப் படிக்க முடியவில்லை. அதனால் இது இரண்டாவது கடிதம். அப்பா பனியன் துணியை அழுத்திச் சீராக்குகிற காம்பேக்டிங் பட்டறைக்கு நைட் ஷிப்ட் போயிருக்கிறார். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். தையல் மெஷின் தலையில் இருக்கிற சின்ன பல்பை மட்டும் போட்டு, அதன்மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு எழுதுகிறேன். நாளை திங்கட்கிழமை. அம்மாவை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் செய்யாத தப்புக்கு அவளுடைய வேலை போகப்போகிறது. அந்தத் தப்பைச் செய்தது நான். என்னைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

உன் பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். அவள் முன்பு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். இப்போது ஊருக்கு வெளியே இருக்கிற சின்னத் தனியார் பல்கலைக்கழகத்தில் தோட்ட வேலை செய்கிறாள். முதலிபாளையத்தில் இருக்கும் எங்கள் லைன் வீட்டிலிருந்து இரண்டு டவுன் பஸ் மாறிப் போகவேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் வேறு உலகம். அங்கே ஹாஸ்டல் பிள்ளைகள் குளித்த தண்ணீரைக்கூட வீணாக்குவதில்லை. கல்லும் மணலும் நாணலும் போட்ட தொட்டிகளில் விட்டுத் தெளியவைத்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். கேன்டீனில் பிளாஸ்டிக் கப் கிடையாது. வெள்ளிக்கிழமை உள்ளே வண்டி ஓடக்கூடாது, எல்லோரும் சைக்கிள்தான். காம்பவுண்டுக்கு வெளியே ஓடுகிற ஓடையில் அன்றைக்கு எந்தச் சாயப்பட்டறையில் என்ன நிறம் போட்டார்களோ அந்த நிறத்தில் தண்ணீர் போகும். உள்ளே தவளை கத்தும். முதன்முறை அம்மாவோடு போனபோது அந்தத் தெளிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் வீட்டில் குடிப்பதற்கு வருகிற தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வரும், குடத்தோடு எங்கே போய் நிற்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். அங்கே குளித்த தண்ணீருக்கு இத்தனை மரியாதை. எனக்குள் பொறாமை அங்கேதான் முளைத்தது. ஆனால் அது கட்டடத்தின்மேல் வந்த பொறாமை. ஆள்மேல் வந்தது பிறகு.

அந்த ஆள் ஹேமா அக்கா. சென்னைக்காரி. அங்கே சுற்றுச்சூழல் படிக்கிறாள். மாணவர்கள் சேர்ந்து வைத்திருக்கிற பசுமைக் குழுவுக்கு அவள்தான் தலைவி. அம்மா வேலை செய்கிற நாற்றங்காலுக்குத் தினமும் வந்து, மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, எந்த விதையை எத்தனை நாள் ஊறவைப்பது, எந்தச் செடிக்கு நிழல் வேண்டும் என்று அம்மாவைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வாளாம். அம்மா சொன்னதை எழுதிக்கொண்ட முதல் ஆள் அவள்தான். அதனால் எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆனால் ஹேமா புராணம். "இன்னிக்கு அந்தக் கண்ணு புங்கங்காய ஒடைக்கத் தெரியாம கைய நசுக்கிக்கிட்டா. நெம்ப இளசுக் கை, பாவம்" என்பாள். என் கையில் ஊசி ஏறியபோது "பாத்துத் தைக்கறதில்லையா?" என்றவள்தான் இந்த அம்மா. அந்தப் பெண் என் அம்மாவை 'அம்மா' என்று கூப்பிடுவாள். அம்மா அவளைக் 'கண்ணு' என்பாள். என்னை 'ஏ புள்ள' என்பாள். சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு நாள் கேட்டேன், "ஏம்மா, அந்தக்காவயே தத்து எடுத்துக்கலாமில்ல?" அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "அவிய ஊட்ல குடுத்தா வேண்டாங்கவா போறேன்?" என்று சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். நான் தட்டோடு எழுந்துபோய் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். என்னைக் கூப்பிட யாரும் வரவில்லை. சிரிப்பது நிற்கட்டும் என்று காத்திருந்திருப்பார்கள். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இனி அந்தப் பையைப் பற்றிச் சொல்லவேண்டும். நாற்றுகளைக் கருப்புப் பிளாஸ்டிக் கவரில் வளர்ப்பார்கள். நடும்போது பிளேடால் கவரைக் கிழிக்கவேண்டும். அம்மா ஒரு நாள் விரலைக் கிழித்துக்கொண்டு வந்தாள். அந்தக் கவர்களை என்ன செய்வது என்று ஹேமா அக்காவின் குழு மண்டையை உடைத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். நான் அப்போது மெஷினில் உட்கார்ந்து தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தேன். காலடியில் அப்பா வேஸ்ட் கடையில் வாங்கிவந்த கட்டிங் வேஸ்ட் மூட்டை, பனியன் வெட்டியதில் மிஞ்சிய துண்டுத் துணி. "பனியன் துணியில பை தெச்சா என்னம்மா? காட்டன்தானே, மண்ணுல மக்கிப்போயிரும். கிழிக்கவே வேண்டாம், பையோடயே நட்டுரலாம்" என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மறுநாள் ஹேமா அக்காவுக்கு அது போய்ச் சேர்ந்தது. ஒரு வாரத்தில் பல்கலைக்கழகமே அதைப் பேசியது. பள்ளி விட்டு வந்து தினமும் நான் பை தைத்தேன். அம்மா மூட்டையாகக் கட்டிப் பஸ்ஸில் எடுத்துப் போவாள். பிறகு பேப்பரில் படம் வந்தது. ஹேமா அக்கா ஒரு பையைப் பிடித்திருக்கிறாள், பக்கத்தில் என் அம்மா. கீழே, தோட்டப் பணியாளர் சொன்ன யோசனையை மாணவி செயல்படுத்தினார் என்று போட்டிருந்தது. தோட்டப் பணியாளர்! நான் அம்மாவைக் கேட்டேன். "நாந்தான் ரோசன பண்ணேன்னு சொன்னேன். இப்ப என்ன அதுக்கு?" என்றாள். அவள் முகம் கடுகடுவென்று இருந்தது. அந்தப் படத்தை வெட்டிக் காலண்டருக்குப் பின்னால் ஒட்டிவைத்தாள். அவர்கள் இரண்டு பேரும் அம்மாவும் மகளும் மாதிரியே இருந்தார்கள். பை நான் தைத்தது. ஓரத்தில் என் தையல்கூடத் தெரிந்தது.

மகளே, இதற்குப் பிறகு நான் செய்ததை மெதுவாகத்தான் எழுத முடியும். படம் வந்த மறுநாள் அம்மா சொன்னாள், "இன்னும் முப்பத்தாறு பை வேணும். மெயின் கேட் பக்கத்து ரோட்டோரமா ஹேமாக் கண்ணு பேருல ஒரு வரிச நடறாங்க. பெரிய ஆளுங்க பாக்க வர்றாங்களாமா. அழகாத் தெய்யி." வீட்டில் அன்றைக்கு இரண்டு மூட்டை இருந்தது. ஒன்று காட்டன். இன்னொன்றை அப்பா தெரியாமல் வாங்கிவந்திருந்தார், விளையாட்டுச் சட்டை தைக்கிற கம்பெனியின் வேஸ்ட். திருப்பிக் கொடுக்கவேண்டும், தொடாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: எது என்ன துணி என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவி நெருப்புக் குச்சியைக் காட்டவேண்டும். காட்டன் என்றால் பேப்பர் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, கருப்பு மணியாக நிற்கும், மண்ணில் மக்காது. நான் உருவிக் காட்டினேன். உருகியது. சூடான மணி என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. தழும்பு இருக்கிறது, நீ பிறந்ததும் பார்ப்பாய். அதனால் எனக்குத் தெரியாமல் நடந்தது என்று மட்டும் நினைத்துவிடாதே. உள்ளே பாலியஸ்டர், வெளியே காட்டன் என்று இரண்டு மடிப்பாக முப்பத்தாறும் தைத்தேன். அம்மா தொட்டுப் பார்த்தது வெளித்துணியை. "ரெண்டு மடிப்பாவே தெச்சிட்டயா அம்மிணி! கெட்டியா இருக்குது" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னை அம்மிணி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

மரம் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சத்தியமாக இல்லை. அவளுடைய வரிசை மட்டும் மற்ற வரிசைகளைவிடக் குட்டையாக நிற்கட்டும் என்று நினைத்தேன். வருகிற பெரிய ஆட்கள், இது ஏன் வளரவில்லை என்று கேட்கட்டும், அவள் விழிக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் கணக்கு. ஐப்பசி மழையில் நட்டார்கள். தை வரைக்கும் எல்லா வரிசையும் ஒன்றுபோல் இருந்தது. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. மாசியில் ஹேமா அக்காவின் வரிசையில் மட்டும் இலை பழுத்தது. மற்ற வேர்கள் மக்கிய துணியைத் தாண்டி ஈரத்தைத் தேடிக் கீழே போய்விட்டன. இந்த வேர்கள் வெளியே போக வழியில்லாமல் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டிருக்கவேண்டும். பங்குனி பிறந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகக் காய ஆரம்பித்தது. நேற்றுவரை பதினொன்று. தோட்ட சூப்பர்வைசர் பத்துப் பேர் முன்னால் அம்மாவைக் கேட்டாராம், "ஏனுங் சரசக்கா, உங்கூட்டுச் செடிக்கும் இப்படித்தான் தண்ணி உடுவீங்களா? ஆளுங்க வர்ற நேரத்துல மொகப்பு வரிசையே காஞ்சு கெடந்தா நான் மூஞ்சிய எங்கீங்க கொண்டுபோய் வெக்கிறது?" இந்தச் சித்திரையில் அம்மாவின் வேலையை நிரந்தரம் ஆக்குவதாக இருந்தார்கள். இப்போது ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாளை அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடவேண்டும் போலிருக்கிறது.

அம்மா அழவில்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, லீவு நாள். காலையில் எழுந்து, "துணைக்கு வர்றயா?" என்றாள். போனோம். மிச்சமிருக்கிற இருபத்தைந்து மரத்துக்கும் நாணல் தொட்டியிலிருந்து குடம் குடமாகத் தூக்கிவந்து ஊற்றினாள். நானும் ஊற்றினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே ஊற்றினேன். "நாந்தான் மாசியில ரெண்டு நாளு காச்சல்ல படுத்தேனில்ல, அப்பத்தான் உட்டுப்போச்சாட்ட இருக்குது" என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். காய்ந்த மரத்துக்கும் ஒரு சொம்பு ஊற்றினாள். அப்போது சைக்கிளில் ஹேமா அக்கா வந்தாள். எப்போதும் தூரத்தில்தான் அவளைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் முகமெல்லாம் பருவாக, சரியாகத் தூங்காத கண்ணோடு இருந்தாள். "அம்மா, கவலப்படாதீங்க. குழியை ஆழமா எடுக்காம விட்டது என் தப்புன்னு எழுதிக் கொடுத்துட்டேன்" என்றாள். "நீ எதுக்குக் கண்ணு பழிய ஏத்துக்கோணும்? படிக்கிற புள்ள!" என்று அம்மா பதறினாள். கேட்டுக்கொண்டு நின்றேன். அப்போது எனக்கு என்ன வந்தது தெரியுமா? வெட்கம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. பழியைக்கூட இவளே எடுத்துக்கொள்கிறாளே, அதிலும் இவளே நல்லவள் ஆகிவிடுகிறாளே என்று. பொறாமை அப்படிப்பட்டது, மகளே. தின்பதற்கு எதுவும் இல்லையென்றால் மற்றவர்களுடைய நல்ல குணத்தைத் தின்னும்.

பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஓ, நீதானா அது? பிளஸ் ஒன், இல்ல? உன் மேத்ஸ் மார்க் எங்க செட்டுக்கே மனப்பாடம். காலையில அம்மா வாயைத் திறந்தா எங்க அம்மிணி, எங்க அம்மிணின்னு உன் கதைதான். இவங்க வர்றதைப் பார்த்தாலே எங்க பொண்ணுங்க ஓடுவாளுங்க." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டு, "சும்மா இரு கண்ணு" என்றாள். நான் குடத்தைக் கீழே வைத்தேன். வீட்டில் ஹேமா புராணம் பாடுகிறவள் அங்கே என் புராணம் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். எங்கள் இரண்டு பேரிடமும் மற்றவளைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, இரண்டு பேருக்கும் அலுக்க வைத்திருக்கிறாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கேட்டேன், "பை ரோசன என்னோடதுன்னு ஏம்மா சொல்லல?" அம்மா முன் சீட்டையும் பின் சீட்டையும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கேட்டுல போர்டு பாக்கலயா நீ? கொழந்தத் தொழிலாளி இல்லாத எடம்னு எழுதிப் போட்டிருக்குது. இந்தச் சின்னப் புள்ளதான் அத்தனையும் தெச்சான்னு தெரிஞ்சா அந்தப் பைய வாங்குவாங்களா? கம்பெனியில வெளிநாட்டு ஆளுங்க வந்தப்ப, கூட வேல செஞ்ச புள்ளைகள பின்கேட்டு வழியா தொரத்துனத நாந்தான் பாத்தேனே. உன்ற பேரு எதுலயும் வரக்கூடாதுன்னு இருந்தேன்." பிறகு, "வேல நெரந்தரம் ஆனா, வேலக்காரங்க புள்ளைக்கு அங்கயே படிக்க எடம் குடுப்பாங்களாமா. அந்தக் கண்ணுதான் வெசாரிச்சுச் சொன்னா. எல்லாம் முடிஞ்சதும் உனக்குச் சொல்லலாம்னு இருந்தேன். இனி எங்கத்த கெடைக்கறது" என்றாள். கையிலிருந்த டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டிப் பஞ்சாக்கினாள். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இருந்திருக்க முடியாது. பஸ் சிட்கோ ஸ்டாப்பில் நின்றது, இறங்கினோம்.

உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றிரண்டுதான். பொறாமை வராமல் பார்த்துக்கொள் என்று சொல்லமாட்டேன். என் வயிற்றில் பிறப்பவளுக்கு அது வரத்தான் செய்யும். வந்தால் வாசலில் போய் உட்கார், தட்டைத் தூக்கி எறி, அழு, என்னோடு சண்டை போடு. ஆனால் அந்த நேரத்தில் எதையும் தைக்காதே. கையில் தொழில் இருக்கிறவளுக்குப் பொறாமை வந்தால், அது வாயோடு நிற்காது. அது செய்த காரியம் மண்ணுக்குள் போய் மறைந்துகொள்ளும், ஐந்து மாதம் கழித்து வேறு யாரோ ஒருத்தியின் தலையில் வந்து விழும். இன்னொன்று. யாரையாவது பார்த்து, இவள் என் இடத்தைப் பிடித்துவிட்டாள் என்று தோன்றினால், ஒரு நாள் பக்கத்தில் போய் நின்று அவள் முகத்தைப் பார். நான் இன்றைக்குத்தான் பார்த்தேன். நான் தைத்த பைகளுக்காக எனக்கு முன்பே தூக்கம் கெட்டு நிற்கிறது அந்த முகம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்தால் பயம். பள்ளிக்குத் தெரிந்தால் பயம். நான் தைத்தேன் என்று வெளியே வந்தால், அம்மா மறைத்துக் காப்பாற்றியதும் வெளியே வரும், அந்தப் போர்டின் கீழேயே அவளை நிறுத்திக் கேட்பார்கள். பேசாமல் இருந்துவிட்டாலோ, ஹேமா அக்கா எழுதிக் கொடுத்த பொய்யால் ஒருவேளை அம்மா தப்பிக்கலாம். அதையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். அவள் பொய்யால் என் அம்மா தப்பிப்பதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. இதுவும் பொறாமைதான், தெரியும். நல்லது செய்யவும் எனக்கு இதுதான் துணைக்கு வருகிறது என்றால் வரட்டும். இதற்கெல்லாம் மேலே இருபத்தைந்து மரம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பக்கவாட்டில் மண்ணைத் தோண்டி, அந்தத் துணியை வேர் அறாமல் வெட்டி உருவிவிட்டால் சில மரங்களாவது பிழைக்கும். எந்தப் பையை எப்படித் தைத்திருக்கிறது, எந்த ஓரத்தில் வெட்டினால் மொத்தமும் பிரிந்து வரும் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அதனால் இந்தக் கடிதத்தை முதலில் படிக்கப்போவது நீ இல்லை. உனக்கு எழுதியதை என் அம்மாவிடம் கொடுக்கப்போகிறேன். நேருக்கு நேர் நின்று வாய் திறந்தால் நான் அழுதுவிடுவேன், அவள் என்னவோ ஏதோ என்று பயந்து கடைசிவரை கேட்கமாட்டாள். காலையில் அவள் அடுப்பில் உலை வைத்துவிட்டு உட்காரும்போது கையில் கொடுப்பேன். ஆனால் அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்து, உதட்டை அசைத்து, ஒவ்வொரு சொல்லாகப் போவாள். முதல் பஸ்ஸுக்குள் இத்தனை பக்கமும் முடியாது. உன்மேல் எனக்கு வரப்போகிற பொறாமையைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் போய்விடும். அதனால் முதல் பக்கத்தின் உச்சியில், 'என் மகளுக்கு' என்பதற்கும் மேலே விட்டுவைத்த இடத்தில், அவளுக்குப் புரிகிற மாதிரி பெரிய எழுத்தில் இப்போது எழுதுகிறேன்:

அம்மா, நீ தண்ணி ஊத்தாம இல்ல. பைக்கு உள்ள நான் பாலீஸ்டர் வெச்சுத் தெச்சுட்டேன். கத்தரியையும் எடுத்து வெச்சிருக்கேன், என்னையும் கூட்டிட்டுப் போ.